கற்பூரத்தில் விழுந்த கை

அத்தியாயம் பதினான்கு

நிலோஜனைத் திட்டி எழுதும் வாசகர்கள் இந்த வாரம் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும். பையன் திருந்தப் போகிறான். அல்லது, திருந்துவதாகச் சத்தியம் செய்யப் போகிறான். இரண்டும் ஒன்றல்ல என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவனுடைய அப்பா வினாயகமூர்த்திக்கு மட்டும் இரண்டும் ஒன்றுதான்.

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மட்டக்களப்பு ஆற்றுக்கு மேற்கே, படுவான்கரையில், மண்டூருக்குக் கிட்ட ஓர் ஊர். வினாயகமூர்த்தி அந்த ஊர் அம்மன் கோயிலுக்கு வண்ணக்கர், பொறுப்பாளர். கோயில் சாவி அவர் மடியில், கோயில் சண்டைகள் அவர் தலையில். மனைவி அன்னப்பூரணி. மூத்தவள் விதுர்ஷா, குடும்பநல மாது. ஸ்கூட்டியில் ஊர் ஊராகப் போய்ப் பிள்ளைத்தாய்ச்சிகளைப் பார்ப்பவள். இளையவன்தான் நிலோஜன், ‘ஆற்றுவாய்’ என்ற மெட்டல் பேண்டின் பாடகன். பாடகன் என்று எழுதுவது நான். ஊர் வேறு பெயர்கள் வைத்திருக்கிறது.

அவன் பாடிய கதை உங்களில் பலருக்கு மனப்பாடம். பழைய மாணவர் விழாவில் இரண்டாவது பாட்டோடு கரண்டை நிறுத்தினார்கள். ஒரு கலியாண வீட்டில் மைக்கைப் பறித்து, அதே மைக்கில் மன்னிப்பும் கேட்க வைத்தார்கள். டவுனில் மண்டபம் கொடுத்தவர் மறுநாளே பூட்டை மாற்றினார். அவன் விடவில்லை. பெரிய வெள்ளத்தில் வட்டை என்ற வயல்வெளி முழுக்க மூழ்கிக் கிடந்தபோது, ஆற்றுவாயை வெட்டித் தண்ணீரைக் கடலுக்கு விடும் உத்தரவு வரும் வரும் என்று சனம் காத்துக் கிடந்ததே, அந்த நாட்களைப் பாட்டாக்கினான். இடுப்பளவு தண்ணீரில் நின்று அவன் உறுமிய வீடியோ எங்கெங்கோ போய், கடைசியில் கொழும்பிலிருந்து அழைப்பு வந்தது. நாளை பின்னேரம் பெரிய மேடை. இரவே வேனில் புறப்பட வேண்டும்.

அதே நேரத்தில் விதுர்ஷாவுக்குச் சம்பந்தம் கூடி வந்திருக்கிறது. மாப்பிள்ளை தனோஜன், சித்தாண்டி ஊர்க்காரர், நில அளவையாளர். அவரை அவளுக்குப் பிடித்திருக்கிறது. போன வாரம் அதை வாய்விட்டே சொல்லிவிட்டாள். எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது, மாப்பிள்ளையின் தாய்மாமன் சாமித்தம்பி, ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர், அந்த வீடியோவைப் பார்க்கும் வரை.

காலையில் கொட்டிலுக்குள் வைத்துத்தான் கதை தொடங்கியது.

வீட்டுக்குப் பின்னால் இருக்கும் அந்தத் தகரக் கொட்டில் பாதி நாள் நெல்லுக்கு, பாதி நாள் பேண்டுக்கு. வெட்டு முடிந்து நெல் மூட்டைகளைச் சுவரோடு அடுக்கினால் சத்தம் வெளியே போகாது. நெல்லை விற்றுவிட்டால் ஆற்றுக்கு அக்கரையிலும் கேட்கும். அதனால் நெல் விலை ஏறட்டும் என்று வினாயகமூர்த்தி காத்திருக்கும் ஒவ்வொரு வாரமும் மகனுக்கு லாபம். இது அவருக்கு இன்னும் விளங்கவில்லை.

அன்று மூட்டைகளைச் சரிபார்க்க வந்தவர் போகாமல் நின்றார்.

“உன்னோட ஒரு கதை இரிக்கு மனே.”

நிலோஜன் வயர்களைச் சுற்றிக்கொண்டிருந்தான். “சொல்லுங்க அப்பா.”

“சாமித்தம்பியர் ராவு போன்ல கோல் எடுத்தவர். பேய்க்கத்தல் கத்துற பொடியன் மணவறையில தோழனா நிக்கிறது அவங்கட குடும்பத்துக்குச் சரிவராதாம்.”

“நான் நிக்கல்ல. பெரியப்பாட மகன நிப்பாட்டுங்க.”

“அது போதாதாம். நீ இத விடணுமாம். வாய்ப்பேச்சும் ஏலாதாம். அம்மன் வாசல்ல கற்பூரம் கொளுத்தி, நீ கையடிச்சுச் சத்தியம் செய்யணுமாம். இண்டைக்குப் பின்னேரம் அவரும் மாப்பிள்ளையும் வாறாங்க.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“ஓம் எண்டு சொன்னன்.”

எரியும் கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சொல்லும் சத்தியம் அது. அந்த ஊரில் காணிச் சண்டை, மாட்டுக் களவு, புருசன் பெண்சாதி சந்தேகம் எல்லாம் அந்த வாசலில்தான் முடிந்திருக்கின்றன. அடித்துச் சொன்னது பொய்யானால் அம்மன் கோபம் அடித்தவர் தலையில் விழும். இதைப் படித்துச் சிரிக்கிறவர்கள் அந்த ஊரில் ஒரு தரம் கையை நீட்டிப் பார்த்துவிட்டுச் சிரிக்கலாம்.

“அக்காக்குத் தெரியுமா?” என்று கேட்டான் நிலோஜன்.

“தெரியா. தெரியவும் வேணாம். தெரிஞ்சா அவ குழப்பிப்போடுவா.” வினாயகமூர்த்தி மகனின் முகத்தைப் பார்க்கவில்லை. மூட்டையின் தையலைத் தடவிக்கொண்டு சொன்னார். “எனக்கு இது சந்தோசம் எண்டு நினைக்காத. கொக்கா விதுர்ஷாக்கு இது மூண்டாவது இடம். முதல் ரெண்டும் என்னத்துக்குத் தட்டிப் போன எண்டு உனக்குத் தெரியும்.”

தெரியும். முதல் இடத்துக்காரர் படலை வாசலோடு திரும்பிப் போனார்கள், கொட்டிலுக்குள் அவன் பாடிக்கொண்டிருந்த நேரம். இரண்டாவது இடத்தில் யாரோ போய்ச் சொல்லிக் கொடுத்தார்கள். இரண்டு முறையும் விதுர்ஷா ஒரு வார்த்தை அவனைக் குறை சொல்லவில்லை. அதுதான் அவனுக்கு மிகவும் வலித்தது.

சண்டை பிடிப்பான் என்று அவர் நினைத்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

“சரி அப்பா,” என்றான்.

*

சலூன் கதிரையில் நிலோஜன் இருந்தான், பாதித் தலை முடிந்திருந்தது. தோளுக்குக் கீழே தொங்கிய முடி நிலத்தில் கிடந்தது.

டரல் வாசலிலேயே நின்றுவிட்டான். ‘ஆற்றுவாய்’க்கு ட்ரம்ஸ் அடிக்கிறவன் அவன், மட்டக்களப்பு டவுனில் அப்பாவோடு சேர்ந்து இரும்பு வேலை செய்கிற பறங்கிக் குடும்பத்துப் பையன். கொழும்புப் பயணத்துக்காக வேனை ஆற்றைக் கடக்கும் மிதவைப் பாதையில் ஏற்றிக்கொண்டு காலையிலேயே வந்திருந்தான்.

“டே, என்னடா இது?”

“வெக்கையா இரிக்கு.”

“பத்து வருசமா வெக்கைதான். இண்டைக்குத்தான் தெரிஞ்சதா?”

நிலோஜன் கண்ணாடியைப் பார்த்தபடி எல்லாவற்றையும் சொன்னான். சலூன்காரர் கத்தரியை மெதுவாக்கினார். அவருக்கும் கேட்க வேண்டுமல்லவா.

டரல் வாங்கில் உட்கார்ந்து யோசித்தான். கோபம் வந்தால் அவன் சத்தம் குறையும், அடி மட்டும்தான் பலமாக விழும்.

“இங்க பார். சத்தியத்தச் செய்துபோட்டு வேனில ஏறு. கற்பூரம்தானே. நாளைக்குக் கொழும்பில நிக்கிறது சித்தாண்டியில ஆருக்குத் தெரியும்?”

“அம்மனுக்குத் தெரியும்.”

“நாங்களும் கர்த்தரிட்ட எவ்வளவோ சொல்லுறம் மச்சான். அவர் மன்னிக்கிறார்.”

“உங்கட ஆள் மன்னிப்பார். எங்கட ஆள் வேற.”

சலூன்காரர் தலையை ஆட்டினார். டரலுக்குச் சிரிப்பு வரவில்லை.

“அப்ப உண்மையிலயே விடப்போறியா?”

“சத்தியம் அடிச்சா விட்டதுதான். மனிசருக்குப் பொய் சொல்லுவன். அந்த வாசல்ல ஏலாது.”

“எவ்வளவு அடிபட்டு இவ்வளவு தூரம் வந்திரிக்கம். அதுக்கெல்லாம் என்னடா அர்த்தம்?”

“என்ட பாட்டுக்காக அக்கா தனிய இருந்து வயசாகணுமா? நீ சொல்லு. உனக்கும் அக்கா இரிக்கா, நீயெண்டா என்ன செய்வாய்?”

டரலுக்குப் பிறிசில்லா என்று ஓர் அக்கா இருக்கிறாள். அவளிடம் இப்படி ஒரு கதையைக் கொண்டுபோனால் சம்மட்டியால் அடிப்பாள். அதை அவன் சொல்லவில்லை.

“நான் கொக்காட்டச் சொல்லுவன்,” என்றான்.

“சொன்னா சாகுமட்டும் உன்னோட கதைக்க மாட்டன்.”

“நாளைக்கு நீ பாடாட்டி நானும் உன்னோட கதைக்க மாட்டன். எப்பிடிப் பாத்தாலும் கதை இல்லத்தானே.” டரல் எழுந்து போனான்.

கதிரையை விட்டு இறங்கும்போது நிலோஜனுக்குக் கழுத்து குளிர்ந்தது. அழுகை வந்தது. சலூன்காரர் தோளில் கிடந்த முடியைத் தட்டுவதுபோல இரண்டு தரம் கூடுதலாகத் தட்டிக்கொடுத்தார்.

*

மதியச் சாப்பாட்டுக்கு விதுர்ஷா வந்தபோது தம்பி கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்தான். அவள் முதலில் சிரித்தாள்.

“என்னடா, நாளைக்கு மேடைக்குப் புது வேசமா?”

“ஓம் அக்கா. வெக்கை.”

அவள் ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே கொட்டில் பக்கம் பார்த்தாள். டரல் வேனிலிருந்து ட்ரம்களை இறக்கிக்கொண்டிருந்தான். ஏற்ற வேண்டிய நாளில் இறக்குகிறான்.

அவள் அங்கே போனாள். டரல் சொல்லாமல் இருக்க முயன்றான் என்று எழுதினால் அது பொய். அவள் வாய் திறக்கும் முதலே எல்லாவற்றையும் கொட்டிவிட்டான்.

அன்னப்பூரணி குசினிக்குப் பின்னால் செல்வன் மீனுக்குச் செதில் சுரண்டிக்கொண்டிருந்தாள். மகள் வந்து நின்ற விதத்திலேயே அவளுக்கு விளங்கிவிட்டது.

“உங்களுக்குத் தெரியுமா அம்மா?”

“ராவே தெரியும்.”

“தெரிஞ்சும் பேசாம மீன் வெட்டுறீங்க.”

“மீன் வெட்டாட்டி மத்தியானம் என்னத்தத் தின்னுற?” அன்னப்பூரணி கத்தியைக் கீழே வைத்தாள். “உனக்குப் பிடிச்ச பொடியன். நல்ல பொடியன். நான் என்ன செய்ய புள்ள? ஒரு பக்கம் தம்பி, ஒரு பக்கம் நீ.”

விதுர்ஷா அம்மாவுக்குப் பக்கத்தில் குந்தினாள். வெள்ளை யூனிபோமில் மீன் தண்ணீர் தெறித்தது.

“அம்மா, இந்த வீடு ஆருட?”

“இது என்னகா கேள்வி? என்ட அம்மா எனக்குத் தந்தவ. நான் உனக்குத் தாறன்.”

அந்தப் பக்கத்து வழக்கம் அதுதான். வீடும் வளவும் பெண்ணுக்கு. ஆண்பிள்ளை கலியாணம் கட்டி மனைவி வீட்டுக்குப் போவான். வினாயகமூர்த்தியும் ஒரு சூட்கேசோடு அன்னப்பூரணியின் வாசலுக்கு வந்தவர்தான். முப்பது வருடமாகியும் கிணற்றடித் தென்னையில் இளநீர் பறிக்க மனைவியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் ஏறுவார். தனோஜனும் அப்படித்தான் வரப் போகிறார்.

“அப்ப இந்த வீட்டுக்கு வந்து இருக்கப்போற ஆக்கள், வீட்டுக்காரியக் கேக்காம, என்ட தம்பிட வாயக் கட்டச் சொல்லுறாங்க. நீங்களும் அப்பாவும் அதுக்கு ஓம் எண்டு சொல்லியிரிக்கீங்க.”

“உனக்காகத்தானே புள்ள.”

“எனக்காகத்தான் எண்டா என்னட்டக் கேட்டிருக்கலாம்.”

அன்னப்பூரணி கத்தியை மறுபடி எடுத்தாள். மீனைத் திருப்பிப்போட்டாள், மறுபடியும் திருப்பிப்போட்டாள்.

“அவர எனக்கு விருப்பம் அம்மா. மறைக்கல்ல. ஆனா நிலோ இந்தச் சத்தியத்த அடிச்சுப்போட்டு தோழனா வந்து நிண்டா, அந்த மணவறையில நான் எப்பிடிச் சிரிக்கிற? ஒவ்வொரு நாளும் அந்தக் கொட்டிலப் பாத்துக்கொண்டு எப்பிடிச் சீவிக்கிற?”

சாப்பிடாமல் எழுந்தாள். பின்னேரம் ஒரு பிள்ளைத்தாய்ச்சியைப் பார்க்க வேண்டியிருந்தது. யாருடைய கலியாணத்துக்காகவும் அந்தப் பிள்ளை காத்திருக்காது. படலை வரை போனவளை அம்மா கூப்பிட்டாள்.

“என்ன செய்யப்போறாய்?”

“தெரியா அம்மா. சும்மா மட்டும் இருக்க மாட்டன்.”

அன்னப்பூரணி கையைக் கழுவிக்கொண்டு சொன்னாள், “கோயிலுக்குப் போறதெண்டா செருப்ப வெளியில கழட்டிப்போட்டுப் போ.”

*

அந்த அம்மன் கோயில் கதவு வருடத்தில் ஒரு முறை, வைகாசியில்தான் திறக்கும். மற்ற மாதமெல்லாம் பூட்டிய கதவுக்கு வெளியே நின்று கும்பிட்டுவிட்டுப் போக வேண்டியதுதான். வாசலில் ஒரு கறுத்த கல். அதில்தான் கற்பூரம்.

சாமித்தம்பியின் கார் வந்து நின்றபோது வெயில் தணிந்திருந்தது. அதிபர் இறங்கி, நிலோஜனைச் சுற்றி ஒரு தரம் நடந்தார். பள்ளிக்கூடத்தில் காலைக் கூட்டத்தில் நகம் பார்த்த பழக்கம் அவரை விடவில்லை.

“முடிய வெட்டியாச்சு. நல்லம்.”

பின்னால் தனோஜன் வந்தார். நிலோஜனின் தலையைப் பார்த்துவிட்டுப் பார்வையை நிலத்தில் போட்டார். வெட்கப்பட்டாரா, கோபப்பட்டாரா என்று சொல்ல முடியவில்லை. வாய் திறக்காத மனிதரை எழுதுவது எனக்குச் சிரமம்.

“கதவத் திறங்க வண்ணக்கர்,” என்றார் சாமித்தம்பி. “பூட்டின கதவுக்கு முன்னால செய்யிற சத்தியத்துக்கு என்ன பெறுமதி?”

வினாயகமூர்த்தி நிமிர்ந்தார். “வைகாசிக்கு முதல் இந்தக் கதவு திறக்காது அதிபர்.”

“ஒரு நல்ல காரியத்துக்குத்தானே.”

“என்ட அப்பன் எழும்பி வந்து கேட்டாலும் திறக்காது.”

அந்தக் குரலைக் கேட்டு நிலோஜன் அப்பாவைப் பார்த்தான். சத்தியத்தையும் அவர் நிறுத்திவிடுவார் என்று ஒரு கணம் ஆசை வந்தது. ஆனால் வினாயகமூர்த்தி குனிந்து கல்லில் கற்பூரத்தை வைத்தார். தீக்குச்சியை இரண்டு தரம் உரசினார்.

அதிபர் கதவு விசயத்தில் தோற்றதை வேறு இடத்தில் பிடித்துக்கொண்டார்.

“நான் சொல்லச் சொல்ல நீ சொல்லணும் தம்பி. இனி எந்த மேடையிலும் எந்த இடத்திலும் இப்படிப் பாட மாட்டேன். அந்த வீடியோவையும் எடுத்துப்போடணும். மறுகா, வண்ணக்கர், அந்தத் தகரக் கொட்டிலையும் உடைச்சுப்போடுங்க. எங்கட பொடியன் வந்து இருக்கப்போற வீட்டில அந்த நினைவே வேணாம்.”

“மாமா, கொட்டில் எல்லாம் ஏன்,” என்று தொடங்கினார் தனோஜன்.

“நீ சும்மா இரு. இது பெரியாக்கள்ட கதை.”

கற்பூரம் பிடித்துக்கொண்டது. நிலோஜன் கல்லுக்கு முன்னால் வந்து நின்றான். முதல் முதலாக மைக்கைப் பிடித்த நாளில் இருந்து எத்தனையோ பேர் அவனை நிறுத்தப் பார்த்திருக்கிறார்கள். கரண்டை வெட்டினார்கள், பூட்டு மாற்றினார்கள், கல் எறிந்தார்கள். ஒருவருக்காகவும் அவன் பாட்டை விடவில்லை. இப்போது ஒருவரும் அவனை அடிக்கவில்லை. அக்காவின் பெயரைச் சொன்னார்கள், அவ்வளவுதான். தொண்டைக்குள் ஒரு பாட்டு முழுதாக நின்றது. அதை விழுங்கிவிட்டுக் கையைத் தூக்கினான்.

“இனி எந்த மேடையிலும்,” என்று தொடங்கினார் அதிபர்.

“இனி,” என்றான் நிலோஜன்.

ஸ்கூட்டி வந்து விழுந்த சத்தம் கேட்டது. விதுர்ஷா அதை நிறுத்தவில்லை, உண்மையிலேயே விழவிட்டுத்தான் இறங்கினாள். செருப்பை மட்டும் வெளியே கழற்றினாள். தம்பியின் மணிக்கட்டைப் பிடித்து ஒதுக்கினாள்.

“அம்மாளே, கேட்டுக்கொள்ளு. என்ட தம்பி பாடுவான். நாளைக்குக் கொழும்பில பாடுவான். நான் உசிரோட இரிக்கிற மட்டும் பாடுவான். இது என்ட சத்தியம்.”

விதுர்ஷாவின் உள்ளங்கை கற்பூரத்தில் விழுந்தது. தீ அணைந்தது.

கருகிய மணம் மட்டும் நின்றது.

“இது என்ன பழக்கம் புள்ள?” அதிபரின் முகம் சிவந்திருந்தது. “ஆம்பிளையள் கதைக்கிற இடத்தில வந்து.”

“நீங்க கதைச்சது என்ட கொட்டிலப் பத்தி ஐயா. என்ட வீட்டப் பத்தி. என்ட அம்மா எனக்குத் தாற வளவில எத உடைக்கிற, எத வைக்கிற எண்டு நான் சொல்லுவன். அங்க என்ன சத்தம் கேக்கணும் எண்டும் நான்தான் சொல்லுவன்.”

“அப்ப இந்தச் சம்பந்தம் வேணாம் எண்டு சொல்லு.”

“அத நான் சொல்லல்ல.” அவள் தனோஜனைப் பார்த்துத் திரும்பினாள். குரல் அங்கேதான் கொஞ்சம் தளர்ந்தது. “உங்கள எனக்கு விருப்பம். நேத்தும் விருப்பம், இப்பயும் விருப்பம். என்ட வீட்டுக்கு வாறதெண்டா அந்தச் சத்தத்தோட சேத்து வாங்க. ஏலாட்டி ஆறு கடந்து வராதீங்க.”

தனோஜன் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு அவள் கையைப் பார்த்தார்.

“எரியுதா?” என்று கேட்டார்.

“ஓம். எரியுது.”

“தனோஜன், ஏறு கார்ல,” என்றார் அதிபர்.

தனோஜன் ஒரு கணம் நின்றார். பிறகு போய் ஏறினார். கார் திரும்பி, வட்டைக்கு நடுவே போகும் ரோட்டில் தூசியைக் கிளப்பிக்கொண்டு போய் மறைந்தது. அவர் திரும்பிப் பார்த்தாரா இல்லையா என்பது தூசியில் தெரியவில்லை. விதுர்ஷா அது மறையும் வரை நிமிர்ந்து நின்றாள். மறைந்த பிறகு அப்படியே மணலில் இருந்துவிட்டாள், அழுதாள். அழுததற்காக அவள் வெட்கப்படவில்லை. நானும் அவளுக்காக வெட்கப்படவில்லை.

“ஏன் அக்கா இப்பிடிச் செய்த நீ?” நிலோஜன் அவள் முன்னால் முழங்காலில் இருந்தான். “நான் விடுறன் எண்டுதானே வந்தன். எனக்குப் பரவாயில்ல எண்டுதானே வந்தன்.”

“எனக்குப் பரவாயில்ல எண்டு ஆர் உனக்குச் சொன்ன?”

அவள் கையை எடுத்து ஊதினான். சின்ன வயதில் அவள் அவனுக்கு ஊதியதுபோல ஊதத் தெரியவில்லை, எச்சில்தான் பட்டது. அவள் அழுகைக்கு நடுவே அவனுடைய முடி வெட்டிய தலையில் ஒரு குட்டுக் குட்டினாள்.

வினாயகமூர்த்தி இன்னும் கல்லையே பார்த்துக்கொண்டு நின்றார். முப்பது வருடமாக அந்த வாசலில் எத்தனையோ சத்தியங்களுக்குச் சாட்சி நின்றவர். இப்படி ஒன்றை அவர் கண்டதில்லை.

“இன்னொருத்தன்ட வாய்க்கு நீ எப்பிடிப் புள்ள சத்தியம் அடிக்கிற?” என்றார். கோபமாகச் சொல்லவில்லை, பயந்துபோய்ச் சொன்னார். “நீ பாடுறவளா? பாடுறவன் அவன். அவன் பாடாட்டி?”

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே அது உறைத்தது. மெதுவாக மகன் பக்கம் திரும்பினார்.

“கொழும்புக்கு எப்ப வெளிக்கிடுற?”

“போகல்ல அப்பா. டரல் ட்ரம் எல்லாத்தையும் இறக்கிப்போட்டான்.”

“இறக்கினா ஏத்தேலாதா?”

“அப்பா?”

“இந்த வாசல்ல உன்ட அக்கா கையடிச்சிரிக்கா. நாளைக்கு நீ அந்த மேடையில ஏறாட்டி அது பொய்ச்சத்தியம். ஆருட தலையில விழும் எண்டு உனக்கு நான் சொல்லணுமா?” அவர் குரல் உடைந்தது. “எனக்கு உன்ட கத்தல் பிடிக்காது. இண்டைக்கும் பிடிக்காது. ஆனா என்ட புள்ளைட தலையில ஒண்டும் விழக்கூடாது. எழும்பு. ஓடிப்போய் ஏத்து.”

நிலோஜன் ஓடினான்.

*

ஏற்றி முடிக்கும்போது பொழுது இறங்கிவிட்டது. அன்னப்பூரணி சோறும் மீன் குழம்பும் பொதி கட்டிக் கொடுத்தாள். எல்லாருக்குமே அன்றைக்கு அதுதான் முதல் சாப்பாடு. பிறகு மகளின் கையில் மருந்து பூசினாள். பூசும்போது ஒரு வார்த்தை பேசவில்லை. முடித்துவிட்டு, “என்ட வீட்டுக்கு ஒரு நல்ல வீட்டுக்காரிய வளத்திரிக்கன்,” என்று மட்டும் சொன்னாள்.

விதுர்ஷாவின் போன் அடித்தது. திரையில் தனோஜனின் பெயர். அவள் சுடுபட்ட கையில் போனை வைத்துக்கொண்டு பார்த்தபடி நின்றாள். அது அடித்துக்கொண்டே இருந்தது.

டரல் வேனை இயக்கினான். நிலோஜன் முன் கதவைத் திறந்தபோது அங்கே ஏற்கனவே ஒருவர் இருந்தார். வெள்ளை வேட்டி, தோளில் சால்வை, நெற்றியில் திருநீறு.

“நீங்க எங்க அப்பா?”

“நானும் வாறன்.”

டரல் தயங்கினான். “அங்கிள், அது பெரிய சத்தமா இரிக்கும். சனம் எல்லாம் குதிக்கும். நீங்க வந்து...”

“நாளண்டைக்கு அந்தக் கல்லுக்கு முன்னால போய் நிண்டு, பாடினான் எண்டு நான் சாட்சி சொல்லணும். சொல்லுறதெண்டா என்ட கண்ணால பாக்கணும், காதால கேக்கணும். நீ வண்டிய எடு.”

வேன் ஆற்றங்கரைக்கு இறங்கியது. பாதை அக்கரையிலிருந்து வந்துகொண்டிருந்தது. நிலோஜன் பின்னால் ட்ரம்களுக்கு நடுவே இருந்து, வாய்க்குள்ளேயே பாட்டை முணுமுணுத்துப் பார்த்தான். காலையிலிருந்து அடக்கிவைத்த குரல் அரைவாசிதான் வந்தது.

வினாயகமூர்த்தி திரும்பிப் பார்த்தார்.

“முழுக்கப் பாடு மனே,” என்றார். “அரைச் சத்தியம் எண்டு ஒண்டு இல்ல.”